காத்திருக்கும் கடிகாரம்: ‘டெட்லைன்’ கேம் பற்றி

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டைப்பிங் சென்டரில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். மனு, அபிடவிட், வக்கீல் நோட்டீஸ், எல்லாம் இங்கிலீஷ்தான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். நிமிடத்துக்கு 45 வார்த்தை என்பது பரீட்சைக் கணக்கு, இப்போது கை அதைவிட வேகமாகப் போகும். ஆனால் அடிக்கிற வேகம் வேறு, படிக்கிற வேகம் வேறு. அடிப்பதற்கு விரலுக்கு எழுத்து தெரிந்தால் போதும். அர்த்தம் புரிந்து படிக்க வேண்டுமென்றால் ஒரு பக்க இங்கிலீஷுக்கு எனக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். பக்கத்தில் ஜூனியர் வக்கீல் யாராவது நின்றுகொண்டு “ஆச்சாக்கா, ஆச்சாக்கா” என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதுவும் ஓடாது.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் எழுதப்போகிற கேம் முழுக்க முழுக்க இங்கிலீஷ் எழுத்தால் ஆனது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. ஸ்கிரீனில் நான்கு வரி வரும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கீழே டைப் அடிக்க வேண்டும். அதற்குப் பதிலாக இன்னும் நான்கு வரி வரும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு இந்த வகை கேம்கள் என்றால் உயிர். போன தீபாவளிக்கு வந்தபோது பழைய லேப்டாப்பில் இந்த வகை கேம்களை ஓட்டும் ‘ஃப்ராட்ஸ்’ என்ற மென்பொருளைப் போட்டு, அவன் வாங்கி வைத்திருந்த பழைய சிடி தொகுப்புகளிலிருந்து இரண்டு கேம்களை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். “அக்கா, நீ நல்லா டைப் அடிப்ப, உனக்குப் பிடிக்கும்” என்றான். எனக்குப் பிடித்தது வேறு காரணத்துக்காக.

‘டெட்லைன்’ 1982இல் இன்ஃபோகாம் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட துப்பறியும் கேம். எழுதியவர் மார்க் பிளாங்க். மார்ஷல் ராப்னர் என்ற பணக்காரர் தன் வீட்டு நூலக அறையில் இறந்து கிடக்கிறார். கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. மருந்து அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. தற்கொலை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அவர் உயிலை மாற்றப்போவதாகச் சொல்லியிருந்தார் என்பதால் அவருடைய வக்கீலுக்கு மனசு ஒப்பவில்லை. போலீஸ் ஒரே ஒரு நாள் விசாரிக்கச் சம்மதிக்கிறது. அந்த அதிகாரி நீங்கள். காலை 8 மணிக்கு அந்த வீட்டின் தெற்குப் புல்வெளியில் நிற்கிறீர்கள். இரவு 8 மணிக்குக் கேஸ் முடிந்துவிடும்.

பன்னிரண்டு மணி நேரம். நீங்கள் ஒரு வேலை செய்தால், அதாவது ஒரு கமாண்ட் கொடுத்தால், கேமுக்குள் ஒரு நிமிடம் போகும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனால் ஒரு நிமிடம். கடிதத்தைப் பார்த்தால் ஒரு நிமிடம். ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு நிமிடம். ஆக மொத்தம் 720 நிமிடம் உங்கள் கையில் இருக்கிறது. ஸ்கிரீனின் மேல் வரியில் மணி எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும்.

நான் இந்த கேமை மனதார விரும்புவதற்குக் காரணம் அந்தக் கடிகாரம்தான். நீங்கள் எவ்வளவு நேரம் எடுத்துப் படித்தாலும் அது நகராது. புரியாத வார்த்தைக்கு அகராதி பார்க்கலாம். எழுந்து போய் இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு வரலாம். வாக்கியத்தை மூன்று தடவை படித்து, “இந்தம்மா ஏன் இப்படிச் சுற்றி வளைச்சுப் பேசுறா?” என்று யோசிக்கலாம். திரும்பி வந்து உட்கார்ந்தால் அதே 10:20. நீங்கள் ஒரு முடிவு எடுத்து எண்டர் தட்டினால்தான் 10:21. கேமுக்குப் புரியாத மாதிரி ஏதாவது அடித்துவிட்டாலும் புரியவில்லை என்று சொல்லுமே தவிர, அதற்காக நிமிடத்தைக் கழிக்காது.

நினைவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு இங்கிலீஷ் எழுத்து அவசரத்தோடுதான் வந்திருக்கிறது. பரீட்சை, வங்கி ஃபாரம், சாயங்காலத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டிய மனு, எல்லாம் அப்படித்தான். யாரும் தோளுக்கு மேல் நிற்காமல், மணி பார்க்காமல் ஒரு இங்கிலீஷ் பத்தியை நிதானமாகப் படித்தேன் என்றால் அது இந்த கேமில்தான். அதே சமயம் கதைக்குள் பதற்றம் இருக்கிறது. நேரம் கரைகிறது, மதியம் உயில் வாசிக்கப்போகிறார்கள், நான் இன்னும் மாடி அறைகளைப் பார்க்கவில்லை. அந்த அவசரம் விசாரணை அதிகாரிக்கு உரியது. படிக்கிற எனக்கு அதனால் ஒரு நெருக்கடியும் இல்லை. இப்படி இரண்டையும் பிரித்து வைக்க முடியும் என்று இதைப் பார்க்கும்வரை எனக்குத் தோன்றியதில்லை.

சரி, முதல் தடவை விளையாடியதைச் சொல்கிறேன். புல்வெளியில் நின்று எல்லாத் திசையிலும் போய்ப் பார்த்தேன். ரோஜாத் தோட்டம், பழத்தோட்டம் என்று சுற்றினேன். வாசலுக்குப் போய் மணியடித்து, இறந்தவரின் மனைவி கதவைத் திறந்தபோது நிறைய நேரம் போயிருந்தது. காலையில் அந்த வீட்டுக்கு ஒரு போன் வருகிறது. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதில் பேசியது காதில் விழலாம், விழாமலும் போகலாம். எனக்கு விழவில்லை. அப்படி ஒரு போன் வந்ததே தெரியாமல் அன்றைய பகல் முழுக்க நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த கேமின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அந்த வீட்டில் உள்ளவர்கள் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்பதில்லை. இதே ஆட்கள் இதற்கு முன்னால் செய்த ‘சோர்க்’ கேமில் நேரம் என்பது விளக்கில் உள்ள பேட்டரி மாதிரி. நீங்கள் நடக்க நடக்கத் தீரும், அவ்வளவுதான். ‘டெட்லைன்’ வீட்டில் எல்லாருக்கும் அவரவர் வேலை இருக்கிறது. மனைவி ஒரு அறையில் இருந்து இன்னொரு அறைக்குப் போகிறாள். மகன் எரிச்சலோடு மாடிப்படி ஏறுகிறான். தோட்டக்காரர் தன் ரோஜாச் செடிகளைப் பற்றி முணுமுணுக்கிறார். தபால் வருகிறது. நீங்கள் நூலகத்தில் குனிந்துகொண்டிருக்கும்போது கூடத்தில் ஏதோ நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு இடத்தில் இருந்தால் இன்னொரு இடத்தில் இருக்க முடியாது என்பதை இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன கேம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இரண்டாம் தடவையிலிருந்து அப்பாவும் சேர்ந்துகொண்டார். அப்பா ரிட்டயர்டு ஏட்டு. இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாக வராது. நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, ஈசி சேரில் சாய்ந்துகொண்டு கேட்பார். இந்த கேம் முதலில் வெளியானபோது பெட்டிக்குள் ஒரு போலீஸ் கோப்பையும் சேர்த்து வைத்திருந்தார்கள். வீட்டில் உள்ளவர்களிடம் எடுத்த வாக்குமூலங்கள், பிரேதப் பரிசோதனை முடிவு, சம்பவ இடத்துப் படம், வக்கீல் எழுதிய கடிதம், பிணத்துக்குப் பக்கத்தில் கிடந்ததாகச் சொல்லி ஒரு சின்ன உறையில் மாத்திரைகள்கூட. அந்தக் காலத்து டிஸ்க்கில் இவ்வளவு எழுத்தையும் அடைக்க இடமில்லாததால் அதைக் காகிதத்தில் கொடுத்தார்கள். நான் தாள்களை மட்டும் சென்டரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து அப்பா கையில் கொடுத்தேன். பி.எம். ரிப்போர்ட்டை மட்டும் இரண்டு தடவை படித்துச் சொல்லச் சொன்னார். அப்புறம் வாக்குமூலங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக்கொண்டு, “இதுல ரெண்டு பேரு ராத்திரி எப்போ தூங்குனாங்கன்னு சொல்றது பாரும்மா, அத முதல்ல கேளு” என்றார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாடு முடிந்ததும் அதே கேள்விதான்.

“மணி என்னம்மா அங்க?”

“பதினொண்ணு நாப்பதுப்பா.”

“அந்தப் பய எங்க நிக்கான்?”

“தெரியலையே. அடுப்படியில இல்ல.”

“அப்ப நீ ஏன் அடுப்படியில நிக்க?”

மூன்றாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். லீகல் சைஸ் தாள் ஒன்றை எடுத்துக் குறுக்கே வைத்து, மேலே வரிசையாக ஆட்களின் பெயர், இடப்பக்கம் கால் மணிக்கு ஒரு கோடு என்று கட்டம் போட்டேன். யாரை எந்த மணிக்கு எங்கே பார்த்தேனோ பென்சிலால் எழுதினேன். பார்க்காத கட்டம் காலி. நான்கு தடவை விளையாடிய பிறகு தாளில் பாதி நிரம்பியிருந்தது. காலியாக இருந்த கட்டங்களைப் பார்த்தபோதுதான் யாரைப் பின்தொடர வேண்டும் என்று புரிந்தது. பகலில் ஒரு ஆளுக்கு மட்டும் ஒரு அரை மணி நேரம் கணக்கில் வரவில்லை. அப்பா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ராத்திரி நான் அந்த நேரத்துக்குச் சரியான இடத்தில் போய் நின்றேன். ஒரு நிமிடம் முந்தி உள்ளே போயிருந்தால் அந்த ஆள் உஷாராகியிருப்பார். பிந்திப் போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நின்று, காத்திருந்து, எண்டர் தட்டின அந்த ஒரு நிமிடத்தில் என் கை நடுங்கியது உண்மை. யார், எங்கே என்று நான் எழுத மாட்டேன். நீங்களே போய் நில்லுங்கள்.

காத்திருப்பதற்கும் இதில் வழி இருக்கிறது. சும்மா ‘வெயிட்’ என்று அடிக்கலாம், இத்தனை மணி வரைக்கும் என்று சொல்லியும் காத்திருக்கலாம். இடையில் ஏதாவது நடந்தால் கேம் நிறுத்தி, இன்னும் காத்திருக்கிறீர்களா என்று கேட்கும். இது சின்ன வசதி மாதிரித் தெரியும். ஆனால் ஒரு கேமில் ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவாக இருக்கிறது, அதற்கும் விலை இருக்கிறது என்பது எனக்குப் புதிது. அப்பாவுக்குப் புதிதில்லை. “பந்தோபஸ்துன்னா அதுதான்” என்றார்.

இனி குறைகள். முதல் குறை, கேஸ் கெட்டுப்போய்விட்டது என்று இந்த கேம் சொல்லாது. காலையிலேயே ஒரு முக்கியமான விஷயத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். அது தெரியாமல் ராத்திரி எட்டு மணிவரை அலைவீர்கள். நான்கு சாயங்காலம் செலவழித்து ஓட்டிய ஒரு நாள் அப்படி வீணானபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் மணிக்கு ஒரு தடவை சேவ் பண்ணி, பெயரிலேயே நேரத்தை எழுதி வையுங்கள். இரண்டாவது, ஒரு தடயத்துக்காக ஒரே இடத்தில் ஒரே வேலையை விடாமல் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. முதல் தடவை ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் யாரும் நகர்ந்துவிடத்தான் செய்வார்கள். அங்கே குறிப்பு இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்திருக்கலாம். மூன்றாவது, கமாண்ட் விஷயம். நீங்கள் நினைப்பது சரியாக இருந்தாலும் அது எதிர்பார்க்கிற வினைச்சொல் வேறாக இருக்கும். இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு இது இரட்டைச் சுமை. நான் ஒரு நோட்டில் அதற்குப் புரிகிற சொற்களைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன்.

எல்லா வேலைக்கும் ஒரே ஒரு நிமிடம் என்பதும் சில இடத்தில் பொருந்தவில்லை. ஒரு அறையைக் கடப்பதும் ஒரு நீண்ட வாக்குமூலத்தைக் கேட்பதும் ஒன்றாகுமா? இருந்தாலும் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கணக்கு எளிதாக இருப்பதால்தான் கட்டம் போட்டுத் திட்டமிட முடிகிறது.

தம்பி ஏற்றிக் கொடுத்த இரண்டாவது கேமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை விளையாடிய பிறகுதான் ‘டெட்லைன்’ எனக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்தது என்று புரிந்தது. அதன் பெயர் ‘பார்டர் ஸோன்’. அதே மார்க் பிளாங்க், அதே இன்ஃபோகாம், 1987. பனிப்போர் காலத்து உளவுக் கதை. மூன்று பகுதி, மூன்றிலும் நீங்கள் வேறு வேறு ஆள். முதல் பகுதியில் எல்லையை நோக்கிப் போகும் ரயிலில் ஒரு அமெரிக்க வியாபாரியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். காயம்பட்ட ஒருவர் உங்கள் பெட்டிக்குள் வந்து ஒரு ரகசியத்தை ஒப்படைக்கிறார். காவலர்கள் சோதனைக்கு வருகிறார்கள்.

இதில் கடிகாரம் உண்மையிலேயே ஓடுகிறது. நீங்கள் டைப் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வினாடிகள் போகும். பாதி வரி அடித்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒரு வாக்கியம் வந்து விழும். முதல் தடவை, அந்தக் காயம்பட்ட மனிதர் சொல்வதை நான் படித்துக்கொண்டிருந்தேன். பத்தியின் பாதியில் இருந்தேன். ஒரு வார்த்தை புரியவில்லை, முந்தின வரிக்குத் திரும்பிப் போனேன். அதற்குள் ரயிலில் அடுத்த காரியம் நடந்துவிட்டது. அதைப் படிப்பதற்குள் அதற்கடுத்தது. என் கை கீபோர்டில் தயாராக இருந்தது, நிமிடத்துக்கு ஐம்பது வார்த்தை அடிக்கக் கூடிய கை. என்ன அடிக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை. பிடிபட்டபோது நான் இன்னும் மூன்றாவது பத்தியிலேயே இருந்தேன்.

உளவாளிக்கு அவசரம் இருக்க வேண்டும் என்பது நியாயம். 1987இல் எழுத்து கேமில் இப்படி ஒரு முயற்சி செய்தது துணிச்சல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தம்பி அதை மளமளவென்று முடித்தான், அவனுக்கு அந்த ஓட்டம் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரம் என்னுடைய முடிவுகளை அளக்கவில்லை, நான் எவ்வளவு வேகமாக இங்கிலீஷ் படிப்பேன் என்பதை அளந்தது. அதே கதையை அதே புத்தியோடு விளையாடுகிற இரண்டு பேரில், வீட்டில் இங்கிலீஷ் பேசி வளர்ந்தவர் தப்பித்துவிடுவார், நான் மாட்டிக்கொள்வேன். எங்கள் சென்டருக்கு அடிக்கடி வரும் பார்வையற்ற வக்கீல் ஒருவர் இருக்கிறார். போனும் கம்ப்யூட்டரும் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டும், அதைக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறார். எழுத்து கேம்கள் அவருக்கு அருமையாகப் பொருந்தும். ‘டெட்லைன்’ வீட்டுக்குள் அவரும் நானும் கண் தெரிந்து வேகமாகப் படிக்கிறவரும் ஒரே 720 நிமிடத்தோடு நுழைவோம். ‘பார்டர் ஸோன்’ ரயிலில் அப்படி இல்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, தம்பியோடு சண்டை போட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். அன்னா ஆந்த்ரோபி என்பவர் 2013இல் செய்த ஒரு சின்ன கேமைக் காட்டினான். ‘குவியர்ஸ் இன் லவ் அட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ என்று பெயர். உலகம் அழியப் பத்து வினாடி இருக்கிறது, பக்கத்தில் உங்கள் காதலி இருக்கிறாள். என்ன செய்வீர்கள்? சொற்களைத் தொட்டால் அடுத்த வரி வரும், பத்து வினாடியில் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு முதல் தடவை இரண்டு வரிதான் கண்ணில் பட்டது. கோபம் வரவில்லை. படித்து முடிக்க நேரம் போதவில்லை என்பதுதான் அந்தக் கதை, யாருக்குமே போதாது. ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்பத் திறந்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொல்லைத் தொட்டேன். அங்கே வினாடி ஓடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: ‘டெட்லைன்’, 1991இல் வந்த ‘தி லாஸ்ட் ட்ரெஷர்ஸ் ஆஃப் இன்ஃபோகாம்’ தொகுப்பில் இருக்கும் 20 கேம்களில் ஒன்று. ‘பார்டர் ஸோன்’ அதற்கடுத்து வந்த இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. பழைய பொருள் விற்கும் இடங்களில் தேட வேண்டும். தனியாக வாங்கினாலும் தொகுப்பாக வாங்கினாலும் போலீஸ் கோப்பின் நகல் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். வாக்குமூலங்கள் அதில்தான் இருக்கின்றன. ஃப்ராட்ஸ் போனிலும் ஓடும், ஆனால் கீபோர்டு உள்ள லேப்டாப்தான் வசதி. ஒருவர் படித்துச் சொல்ல, இன்னொருவர் கேட்டு யோசிக்க என்று இரண்டு பேராக உட்கார்ந்தால் இன்னும் நன்றாக இருக்கும். அகராதி ஒன்று, பென்சில் ஒன்று, பெரிய தாள் ஒன்று. ஒரு பகலை முடிக்க நான்கு சாயங்காலம் ஒதுக்குங்கள்.

நாங்கள் கடைசியில் சரியான ஆளைக் கைது செய்தோம், ஆனால் சாட்சியம் பத்தவில்லை. கைது செய்த பிறகு கேஸ் என்ன ஆனது என்று ஒரு கடிதம் வரும். எங்களுக்கு வந்த கடிதத்தில் ஜூரி விடுதலை செய்துவிட்டது என்று இருந்தது. அப்பா அதைத் தமிழில் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கட்டம் போட்ட தாளை விளக்குக்குக் கீழே விரித்தார்.

“மதியம் ஒண்ணரைக்கு சேவ் பண்ணுனியாம்மா?”

பண்ணியிருந்தேன். இன்றைக்கு ராத்திரி அங்கிருந்து ஆரம்பிக்கிறோம்.